நோயாளியின் சொல் அம்பலம் ஏறுமா?

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருந்தெனப்படுவது நான்கு கூறுகளை உடையது என்று வரையறுத்துச் சென்றார். நோயுற்றவன், அவனது நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அதனை அருகிருந்து கொடுப்பவன் என்னும் நான்கும் கூடியவழியே மருத்துவம் நிறைவுறும் என்பது அவர் கருத்து. நம் கல்லூரியிலே திருக்குறள் பயின்ற மாணவர் அனைவரும் இதனை அறிவர். பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளியும் பெற்றிருப்பர். ஆயினும், இற்றைநாளில் அரசாங்கம் தன் வைத்தியசாலைகளுக்கு மருந்தும் கருவியும் கட்டிலும் வாங்கும்போது, இந்நான்கனுள் மூன்றாவது கூறு ஒன்றே பேசப்படுகின்றது. பொருள் யாது, விலை யாது, எப்பொழுது வந்து சேரும் என்பனவே வினாக்கள். மருத்துவ நிபுணர் சிற்சில வேளைகளில் அழைக்கப்படுகின்றனர். அப்பொருளை நாள்தோறும் கையாளும் தாதியும், அதனாலே நலம்பெற வேண்டிய நோயாளியும் அழைக்கப்படுவது அரிது.

இவ்விருவரையும் அழைக்க வேண்டும். பொருள் வந்திறங்கிய பின்னர் அன்று, இன்னது வேண்டும் என்று எழுதுகின்ற வேளையிலேயே அழைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையில் யாம் வற்புறுத்த விழையும் கருத்து. அவ்வாறு அழைப்பதனால் வீண்செலவு குறையும் என்பது ஒரு பயன். அதனினும் பெரிய பயன், புதிய பொருள்களும் புதிய வழிகளும் தோன்றுவதற்கு அஃது இடஞ்செய்யும் என்பதாகும்.

தமிழாசிரியருக்கும் கேள்விப்பத்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கேள்விப்பத்திரமும் சொற்களால் ஆயதே. சொல் பிழைத்தவிடத்துப் பொருள் பிழைக்கும் என்பது வகுப்பறையிலே யாம் நாள்தோறும் கூறிவரும் பாடம். வைத்தியசாலைக் கொள்வனவிலோ, அப்பாடத்தின் பொருள் என்னும் சொல் தன் இரு பொருளிலும் மெய்யாகின்றது. விவரக்கூற்றிலே ஒரு சொல் குறைந்தால், வந்திறங்கும் பண்டமே பிழைத்துவிடுகின்றது.

நம் நாட்டிலே இக்கொள்வனவு நடைபெறும் முறையை முதலிற் சுருங்கக் கூறுவோம். அரசாங்க வைத்தியசாலைகள் தத்தமக்கு வேண்டிய மருந்துகளின் அளவை மதிப்பிட்டுச் சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவுக்கு அறிவிக்கின்றன. அவற்றுட் பெரும்பகுதியை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் கேள்விப்பத்திரம் கோரி வாங்கிக் கொடுக்கின்றது. வாங்கவேண்டிய பொருளின் அளவு, தன்மை, தரம் என்பவற்றைக் கூறும் பகுதி விவரக்கூற்று எனப்படும். வந்த விலைமனுக்களைத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து, விவரக்கூற்றுக்கு அமைந்தவற்றுள் மதிப்பீட்டின்படி விலை குறைந்ததைப் பரிந்துரைக்கும். இலவச வைத்தியசேவையை நடத்துகின்ற ஓர் ஏழை நாட்டுக்கு இம்முறை பெரிதும் வேண்டுவதே. இதனை யாம் குறைகூற வந்தோமல்லேம். ஆனால், விவரக்கூற்று என்னும் அத்தாளை எழுதியவர் யார், எழுதுமுன் யாரைக் கேட்டார் என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றது. ஒருமுறை எழுதப்பட்டு வெளியிடப்பட்டுவிட்டால், அதன்பின் எவரும் அதனை எளிதில் மாற்றுதல் இயலாது.

எடுத்துக்காட்டாகச் சக்கர நாற்காலி ஒன்றைக் கருதுவோம். இருக்கையின் அகலம் இத்தனை அங்குலம், தாங்கும் நிறை இத்தனை கிலோகிராம், சட்டம் உருக்கினால் ஆனது, மடிக்கத்தக்கது என்று விவரக்கூற்று எழுதப்படுகின்றது. வந்த நாற்காலியும் அவ்வளவுகளுக்கு ஓர் இழையும் பிசகாமல் அமைந்திருக்கின்றது. அதனைக் கொண்டுவந்து வல்வெட்டித்துறைக் கடற்கரையை அண்டிய ஓர் ஒழுங்கையிலே விட்டுப் பாருங்கள். முன்னேயுள்ள சிறு சக்கரங்கள் மணலிற் புதைகின்றன. படலையின் இடைவெளி போதவில்லை. வாசற்படி தடுக்கின்றது. மலசலகூடத்தின் கதவு அதனினும் ஒடுக்கமானது. உப்புக் காற்றிலே சில மாதங்களுள் அச்சில் துருவேறுகின்றது. போரிலே கால் இழந்தோரும், முள்ளந்தண்டிற் காயமுற்றோரும், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் சோர்ந்த முதியோரும் வாழுகின்ற ஊர் இது. நாற்காலி வீட்டு விறாந்தையின் மூலையிலே மடித்து வைக்கப்பட்டுத் துணி காயப்போடும் கொடியாய் மாறியிருப்பதை யாம் எம் அயலில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளிற் கண்டிருக்கின்றோம். வாங்கியவர் விதி பிழைத்தாரல்லர். விற்றவர் வாக்குப் பிழைத்தாரல்லர். ஆயினும் பயன் இல்லை. மணலைப் பற்றி அத்தாளிலே ஒரு சொல்லும் இல்லாமையே காரணம்.

உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டிலே சக்கர நாற்காலி வழங்குதல் பற்றி, வசதி குறைந்த நாடுகளுக்கென வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. நாற்காலி வழங்கும் பணியை எட்டுப் படிகளாக அது பகுத்துரைக்கின்றது. இருப்பவரின் உடலை அளத்தலும், அவர் வாழும் வீட்டையும் செல்லும் வழியையும் அறிதலும், பொருத்திப் பார்த்தலும், பழக்குதலும், பின்னரும் சென்று பார்த்தலும் அப்படிகளுள் அடங்கும். நாற்காலியைக் கையளித்துப் படம் பிடித்துக்கொள்ளுதல் அவ்வெட்டினுள் இல்லை.

இனி, கேட்பதனாலே புதுமை எவ்வாறு பிறக்கும் என்பதைக் காட்டுவோம். பொருளைக் கூறி வாங்குதல் ஒன்று. தேவையைக் கூறி வாங்குதல் மற்றொன்று. உருக்குச் சட்டமுள்ள நாற்காலி வேண்டும் என்று எழுதினால், உலகில் ஏற்கெனவே உள்ள உருக்கு நாற்காலிகளுள் மலிவானது வந்து சேரும். துணையின்றி ஒருவர் மணல் ஒழுங்கையைக் கடந்து, இரண்டரையடி வாசலினூடாக வீட்டினுட் செல்லவேண்டும் என்று எழுதினால், இதுவரை இல்லாத ஒன்றைச் செய்து காட்ட யாரேனும் முன்வருவர். முன்னது சந்தையில் உள்ளதைத் தேடுகின்றது. பின்னது சந்தையில் இல்லாததை வரவழைக்கின்றது. அரசாங்கம் பெருந்தொகையாக வாங்குவது. ஆதலின் அது தேவை இன்னது என்று வாய்திறந்து கூறினாற் போதும், செய்வோர் செவிசாய்ப்பர்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. தடுப்புமருந்துகள் வெப்பத்தாற் கெடுவன. கெட்டதும் கெடாததும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலிலே வீடு வீடாகச் செல்லும் பணியாளருக்கு, தம் கையிலுள்ள குப்பி இன்னும் பயனுடையதோ அன்றோ என்பது தெரியாது. ஐயம் எழுந்தால் நல்ல மருந்தையும் கொட்டிவிட நேரும். ஐயம் எழாவிட்டாற் கெட்ட மருந்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட நேரும். இவ்விடர்ப்பாட்டுக்கு விடையாகக் குப்பியின்மேல் ஒட்டும் சிறு அடையாளம் ஒன்று ஆக்கப்பட்டது. ஒரு வட்டத்தினுள்ளே வெளிறிய சதுரம் ஒன்று இருக்கும். வெப்பம் படப்பட அச்சதுரம் கறுத்துவரும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை மருந்தைப் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்தை அடைந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும். எழுத்தறியாதவரும் இதனைப் படிக்கலாம். வளர்முக நாடுகளுக்காகத் தடுப்புமருந்தைப் பெருந்தொகையாக வாங்கும் யுனிசெவ் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் இவ்வடையாளம் வேண்டும் என்று கேட்டமையால், 1996ஆம் ஆண்டு முதல் போலியோச் சொட்டுமருந்துக் குப்பிகளில் அஃது இடம்பெற்றது. பின்னர்ப் பிற தடுப்புமருந்துகளுக்கும் பரவியது. மருந்து செய்வோருக்குத் தாமாகவே அதனை ஒட்டவேண்டிய நெருக்கடி இருக்கவில்லை. களத்திலே நடப்பவரின் ஐயத்தை வாங்குவோர் தம் நிபந்தனையாக்கினர். செய்வோர் அதற்கு உடன்பட்டனர்.

மற்றொரு சான்று நம் மண்ணோடும் தொடர்புடையது. மேனாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து அணிந்து, நாற்காலியிலிருந்து, சமதரையில் நடப்போருக்கென அமைந்தது. நம்மவரோ வெறுங்காலுடன் நடப்பர், சப்பாணிகொட்டி இருப்பர், குந்தியிருந்து வேலைசெய்வர், சேற்று வயலில் இறங்குவர். ஆகையால், இந்தியாவிலே அத்தகைய கால் பெற்றோர் பலர் அதனைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலை நாடினர். ஜெய்ப்பூர் நகரத்து வைத்தியசாலையில் 1960களின் பிற்பகுதியிலே, எலும்பு வைத்திய நிபுணர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் கூடி, இறப்பரால் மூடப்பட்டு, வெறுங்காலாகவே நடக்கவும் மடங்கவும் தக்க காலொன்றை ஆக்கினர். கால் இழந்தோரே அதனை அணிந்து நடந்து பார்த்து, இங்கே நோகின்றது, அங்கே வளையவில்லை என்று கூறக் கூற அது திருந்தியது. அதுவே இன்று உலகெங்கும் ஜெய்ப்பூர்க் கால் எனப்படுவது. சேத்தி அவர்களுக்கு 1981ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் 1987ஆம் ஆண்டு முதல் ஜெய்ப்பூர்க் கால் செய்து பொருத்தும் நிலையம் பணியாற்றி வந்திருக்கின்றது. நம்மிடையே மீண்டும் நடந்து தொழிலுக்குச் சென்றோர் எத்தனையோ பேர் அக்கைவினைஞர் கைக்குக் கடமைப்பட்டவர்கள்.

ஜெய்ப்பூரை ஏன் தேடிச் செல்லவேண்டும்? நம் ஊரின் பழைய தொழிலே இதற்குத் தக்க சான்று. வல்வெட்டித்துறையிலே பாய்க்கப்பல் கட்டிய காலத்தில், ஓடாவியார் ஒரு புறமும், கடலிற் செல்லவிருக்கும் தண்டையல் மறுபுறமும் நின்றே கப்பல் உருவாயிற்று. வாடைக்காற்றிலே அணியம் எவ்வாறு எழும், பாய்மரம் எவ்விடத்து நிற்கவேண்டும், சரக்கு எங்கே வைத்தால் ஓட்டம் கெடாது என்பவற்றைக் கடலிற் போய் வந்தவன் கூறினான். மரத்தை அறிந்தவன் செய்தான். கட்டியவன் அறிவும் ஓட்டியவன் அறிவும் ஒரே கடற்கரையிற் சந்தித்தன. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல், நம்மூர் மாலுமிகளால் ஓட்டிச் செல்லப்பட்டு, 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை யாவரும் அறிந்த செய்தி. கடலையே காணாத ஒருவர் அளவுகளை எழுதி, மிகக் குறைந்த விலை கூறியவரிடம் அக்கப்பலை வாங்கியிருந்தால் அது எத்துறை வரை சென்றிருக்கும் என்பதை அன்பர்களின் சிந்தனைக்கே விட்டுவிடுகின்றோம்.

அரசாங்கக் கொள்வனவில் இவ்வாறு நிகழ இயலாது என்று எவரும் கருதவேண்டா. நம் நாட்டிலேயே வழிகாட்டி ஒருவர் இருந்தார். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களுடன் சேர்ந்து 1971ஆம் ஆண்டிலே அளித்த அறிக்கையின் வழியாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. இன்று நாம் ஒசுசல என்னும் மருந்தகங்களால் அறிகின்ற நிறுவனம் அதுவே. நாட்டுக்கு எம்மருந்துகள் உண்மையில் வேண்டியவை என்பதை விற்பவர் விளம்பரம் தீர்மானித்தல் ஆகாது. நோயை நேரிற் கண்டு மருந்தெழுதும் மருத்துவர் கூடியே தீர்மானித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. வணிகப் பெயரை நீக்கி, மருந்தின் பொதுப்பெயரால் உலகெங்கும் விலைகோரி மொத்தமாக வாங்கியமையால் நாட்டுப் பணம் மிஞ்சியது. 1977ஆம் ஆண்டில் அவர் கயானா நாட்டிலே காலமானார். அவர் பெயரை விலைக்குறைப்பின் பொருட்டே பலர் நினைவுகூருகின்றனர். முதலிலே தேவையைப் பயன்படுத்துவோரிடம் கேட்டறிந்து, அதன் பின்னரே விலையைத் தேடினார் என்பதே யாம் அவரிடம் காணும் பாடம். வரிசை மாறினால் மலிவான வீண்பொருளே மிஞ்சும்.

கடலுக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டிலும் இதற்கொப்ப ஒரு முயற்சி உண்டு. 1994ஆம் ஆண்டிலே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மருந்துகளை அது மொத்தமாக வாங்கி மாவட்டக் களஞ்சியங்களில் வைக்கின்றது. ஆனால் எவ்வைத்தியசாலைக்கு எம்மருந்து எவ்வளவு என்பதைத் தலைநகரிலிருந்து பங்கிட்டு அனுப்புவதில்லை. ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் வங்கிப் புத்தகம் போன்றதொரு கைப்புத்தகம் வழங்கப்படுகின்றது. அதிலே குறிக்கப்பட்ட தொகைக்குள், தன் நோயாளருக்கு வேண்டியதை வேண்டிய அளவு அவ்வைத்தியசாலையே களஞ்சியத்திற் பெற்றுக்கொள்ளலாம். வாங்குதல் ஓரிடத்தில், தெரிதல் பயன்படுத்துவோரிடத்தில் என்னும் இவ்வமைப்பைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. மையமாக வாங்குவதற்கும் பயன்படுத்துவோரைக் கேட்பதற்கும் பகையில்லை என்பது இதனாற் புலனாகும்.

இனி, எதிர்வாதங்களையும் நேர்மையுடன் எண்ணிப் பார்ப்போம். முதலாவது, பயன்படுத்துவோரைக் கேட்டால் விற்பவர் அவர்களை வசப்படுத்திவிடுவர். தாதிக்கும் மருத்துவருக்கும் கையுறை கொடுத்துத் தம் பொருளையே கேட்கச் செய்வர். விலை ஒன்றையே நோக்குதல் ஊழலுக்கு வேலி என்பது. இவ்வச்சம் வீணானதன்று. 2023ஆம் ஆண்டிலே தரங்கெட்ட இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வந்த விவகாரம் நாட்டையே உலுக்கி நீதிமன்றம் வரை சென்றது. ஆனால் ஒன்றை ஊன்றி நோக்குக. அங்கே கேடு பயன்படுத்துவோரைக் கேட்டதனால் விளைந்ததன்று. மருந்தேற்றப்பட்ட நோயாளருக்கு நேர்ந்த ஒவ்வாமையே குறையை முதலிற் காட்டிக்கொடுத்தது. களத்தில் உள்ளவரின் கண்ணே முதற் காவல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஊழலுக்கு வேலியாக அமையவேண்டியது மௌனம் அன்று; வெளிப்படைத்தன்மையே. பயன்படுத்துவோர் எப்பொருளின் பெயரையும் கூறலாகாது, தம் தேவையையே கூறல் வேண்டும்; கூறியது எழுத்தில் இருத்தல் வேண்டும்; மாதிரிகளைச் சோதிக்கும்போது செய்தவர் பெயரை மறைத்தே சோதித்தல் வேண்டும். இம்மூன்று விதிகளைக் கைக்கொண்டால் அச்சம் பெரும்பாலும் நீங்கும்.

இரண்டாவது வாதம், நோயாளி கருவிநுட்பம் அறியாதவர், அவரைக் கேட்டு என்ன பயன் என்பது. சமையல் அறியாதவனுக்கும் கறியிலே உப்புக் கூடியது தெரியும். நோயாளி நாற்காலியின் உருக்கை ஆராயவேண்டுவதில்லை. தான் எங்கே விழுந்தான் என்பதைக் கூறினாற் போதும். ஆராய்ந்து வழிகாணுதல் வல்லுநர் தொழில்.

மூன்றாவது வாதம், காலம் நீளும் என்பது. நீளும் என்பது உண்மையே. மருந்துத் தட்டுப்பாடு வந்தவேளை யாரையும் கூட்டிக் கேட்டுக்கொண்டிருத்தல் இயலாது. அவசரக் கொள்வனவுக்கு இவ்விதி பொருந்தாது என்பதை யாம் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால், கட்டில், நாற்காலி, ஊன்றுகோல், கேட்டற் கருவி, குருதி அமுக்கமானி, பிரசவ மேசை போன்றவை ஆண்டுதோறும் திட்டமிட்டு வாங்கப்படுபவை. பத்தாண்டு உழைக்கவேண்டிய பொருளுக்காகப் பத்து நாள் செலவிடுதல் வீணாகாது.

உலகமும் இத்திசையிலேயே செல்லுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டிலே இயற்றிய அரசாங்கக் கொள்வனவு விதி, மக்கள் பயன்படுத்தவிருக்கும் பொருளுக்கு விவரக்கூற்று எழுதும்போது மாற்றுத்திறனுடையோரும் அதனை எய்திப் பயன்படுத்தக்கூடிய தன்மையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்று பணிக்கின்றது. சந்தையில் இல்லாத ஒன்று வேண்டப்படும்போது, செய்வோருடன் கூட்டாகச் சேர்ந்து அதனை ஆக்கிப் பின் வாங்குவதற்கும் அவ்விதியிலே தனிவழி வகுக்கப்பட்டுள்ளது. மாற்றுத்திறனுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை நம் நாடு 2016ஆம் ஆண்டில் ஏற்றுறுதி செய்தது. அவர்களைப் பற்றிய தீர்மானங்களில் அவர்களையே கலந்தாலோசித்தல் வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கை கூறும் கடமைகளுள் ஒன்று. ஒப்பமிட்ட கை, நாற்காலி வாங்கும்போதும் அதனை மறத்தலாகாது.

இவ்விடத்திலே தமிழாசிரியர் என்ற உரிமையோடு ஒன்றைக் கூற விரும்புகின்றோம். பயன்படுத்துவோருக்கு மொழி உண்டு. மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்பட்ட நுண்ணெழுத்துத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளது. கருவியின் கைந்நூலும் அவ்வாறே. எழுபது வயது மூதாட்டி ஒருவர், உணவுக்கு முன்னோ பின்னோ என்பதைப் பேரப்பிள்ளை பாடசாலையிலிருந்து வந்த பின்னரே அறியவேண்டியிருக்கின்றது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழ் மாணவரைத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் பயிற்றியதோடு, மருத்துவ நூல்களையும் தமிழாக்கி வெளியிட்டார். அந்நியர் ஒருவர் அக்காலத்தில் உணர்ந்ததை, 1987ஆம் ஆண்டு முதல் தமிழும் அரசகரும மொழியாய் இருக்கின்ற நாட்டிலே உணர்தல் அரிதன்று. பெட்டியிலும் கைந்நூலிலும் தமிழும் சிங்களமும் தெளிவான எழுத்தில் இருத்தல் வேண்டும் என்றும், எழுத்தறியாதவருக்குக் காலை, நண்பகல், இரவு என்பன படத்தாற் காட்டப்படல் வேண்டும் என்றும் விவரக்கூற்றிலே இரண்டு வரி சேர்த்தாற் போதும். விற்பவர் தம் செலவிலேயே செய்து தருவர்.

அரசாங்கத்துக்கு மட்டும் அறிவுரை கூறி அமைதல் நேர்மையன்று. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்வோர். ஊரின் நினைவால் ஊறணி வைத்தியசாலைக்கும், மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கும் உதவ நெஞ்சார விழைவோர். அவ்வன்பை யாம் போற்றுகின்றோம். அவ்வன்பு வீணாகாதிருத்தற்பொருட்டே இதனைக் கூறுகின்றோம். 16 நாடுகளின் வைத்தியசாலைக் கருவிகள் ஒரு இலட்சத்துப் பன்னீராயிரத்தைக் கணக்கெடுத்து 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் நூற்றுக்கு 38 வீதம் இயங்காமற் கிடந்தன என்று கண்டது. உதிரிப்பாகமின்மை, பழுதுபார்ப்போரின்மை, பழக்குவோரின்மை என்பன இத்தகைய முடக்கத்துக்கு வழக்கமான காரணங்கள். நன்கொடையும் ஒருவகைக் கொள்வனவே. வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்னும் இடைவெளி அங்கே இன்னும் பெரிது. கப்பலில் ஏற்றுமுன் ஒரு கடிதம் எழுதுங்கள். விடுதியிலுள்ள தாதியைக் கேளுங்கள். நுண்கருவி ஒன்றின் விலையிலே, நோயாளியைத் தூக்கி மாற்றும்போது சிற்றூழியரின் முதுகு முறியாத வகையில் உயர்த்தித் தாழ்த்தும் கட்டில்கள் சிலவற்றை அவர்கள் கேட்கக்கூடும். அது படத்துக்கு அழகாய் இராது; வேலைக்கு அழகாய் இருக்கும்.

ஆதலின், பின்வருவனவற்றை உரியோர் முன் வைக்கின்றோம். தேசிய பெறுகை ஆணைக்குழு 2015ஆம் ஆண்டிலே அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தால் அமைந்து, 2020ஆம் ஆண்டில் 20ஆம் திருத்தத்தால் நீக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டில் 21ஆம் திருத்தத்தால் மீண்டும் இடம்பெற்றது. வைத்தியசாலைக் கருவிகளுக்கான விவரக்கூற்று ஒவ்வொன்றோடும், யார் யாரைக் கேட்டு அஃது எழுதப்பட்டது என்னும் குறிப்பு இணைக்கப்படல் வேண்டும் என்று ஆணைக்குழு விதித்தல் நலம். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள், கட்டடத்துக்கு வர்ணம் பூசுவது பற்றி ஆராய்வதோடு நில்லாமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் தாதியர், சிற்றூழியர், குடும்பநல மருத்துவமாதர், நீண்டகால நோயாளர் என்போரை ஒருங்கே இருத்தி, பயன்படாத பொருள்களின் பட்டியலையும் வேண்டிய பொருள்களின் பட்டியலையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்புதல் வேண்டும். வாங்கிய பொருளை ஆறு மாதம் கழித்துச் சென்று பார்த்து, அவ்வறிவை அடுத்த விவரக்கூற்றிற் சேர்த்தல் வேண்டும்.

கல்லூரிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. விஞ்ஞானக் கண்காட்சிக்கென நம் மாணவர் ஆண்டுதோறும் பொறிகள் பல செய்கின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை கண்காட்சி முடிந்த மறுநாளே அலுமாரியுட் செல்கின்றன. அடுத்த ஆண்டு மாணவர் முதலிலே பொறி செய்யாதிருப்பாராக. ஒழுங்கையால் நடந்து சென்று, சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவரோடும், நீரிழிவினாற் பார்வை மங்கி ஊசிமருந்தின் அளவுக் கோட்டைக் காணாது இடருறும் முதியவர் ஒருவரோடும் ஒரு பிற்பகல் உரையாடுவாராக. கேட்டவற்றைத் தெளிந்த தமிழில் ஒரு பக்கத்தில் எழுதுவாராக. அப்பக்கத்தைத் திருத்திக் கொடுக்கும் பணியைத் தமிழாசிரியராகிய யாம் ஏற்றுக்கொள்வோம்; அதற்கு விடைகாணும் பணியை விஞ்ஞான ஆசிரியர்கள் ஏற்பார்கள்; செய்துபார்க்கும் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்குமாக. பொறியியலாளராகவும் மருத்துவராகவும் கணக்காளராகவும் விளங்கும் நம் பழைய மாணவர் தம் அனுபவத்தை அவர்களுக்கு வழங்குவராக.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் முன்னோர் கண்ட கசப்பான உண்மை. நோயுற்றவன் செல்வனேயாயினும், கட்டிலிற் கிடக்கும் வேளையில் அவனும் ஏழையே. அவன் சொல் தானாக அம்பலம் ஏறாது. கற்றவர் அதனைக் கேட்டு எழுதி ஏற்றுதல் வேண்டும். வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளுள் நோயுற்றவனை முதலில் வைத்தார். நம் கேள்விப்பத்திரங்களும் அவ்வரிசையைப் பின்பற்றுமாயின், வாங்கும் பணமும் பயன்படும், வாராத புதுமையும் வரும்.